மணியிலிருந்து தட்டு வரை: வீட்டில் கையால் மக்காச்சோள டோர்ட்டியா செய்ய முழு வழிகாட்டி

மெக்சிகோ வீடுகளில் செய்யப்படும், மெல்லிய வட்ட ரொட்டியான மக்காச்சோள டோர்ட்டியாவுக்கு மூன்றே பொருள்கள்தான்: காய்ந்த மக்காச்சோளம், சுண்ணாம்பு, தண்ணீர். உப்புகூடச் சேர்ப்பதில்லை. எண்ணெய் இல்லவே இல்லை. பொருள்கள் குறைவு என்பதால் வேலை எளிது என்று எண்ணித்தான் பலரும் தடுமாறுகிறார்கள். குறையை மறைக்க இதில் வேறு எதுவும் கிடையாது.

புதிதாகக் கற்பவர்களின் கண் மாவை வட்டமாக அழுத்தும் கருவி மீதும் கல்லின் சூட்டின் மீதும்தான் இருக்கும். டோர்ட்டியா உப்பவில்லை என்றால் அடுப்பைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள், கல்லை மாற்றுவார்கள். பெரும்பாலும் கோளாறு கல்லில் இருக்காது. முந்தைய இரவு பானையிலோ, காலையில் அரைத்த இடத்திலோ நடந்திருக்கும். ஆகவே இங்கே முதல் பாதிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அழுத்துவதும் சுடுவதும் கைப்பழக்கம். நாலைந்து முறையில் வந்துவிடும். மாவின் பதம் அப்படி வராது, அதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதல் முறைக்கு அரைக் கிலோ மக்காச்சோளம் போதும். அதற்கான அளவுகள்:

காய்ந்த மக்காச்சோளம் 500 கிராம்
நீற்றுச் சுண்ணாம்புத் தூள் 5 கிராம் (சோளத்தின் எடையில் நூற்றில் ஒரு பங்கு)
தண்ணீர் ஒன்றரை லிட்டர்

இதில் 900 கிராமுக்குச் சற்று மேல் மாவு கிடைக்கும். 30 கிராம் உருண்டைகளாகப் பிடித்தால் முப்பது டோர்ட்டியா வரை வரும்.

பாத்திரம் எவர்சில்வர், எனாமல் பூசியது, மண்பானை ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கட்டும். அலுமினியம் கூடாது. சுண்ணாம்பு நீர் காரத்தன்மை உடையது. அலுமினியத்தை அரித்து அதை உணவில் கலந்துவிடும். வீட்டிலுள்ள பெரிய குண்டான் அலுமினியமா என்பதை முதலில் பாருங்கள். பலர் வேகவைத்து முடித்த பிறகுதான் அதைக் கவனிக்கிறார்கள்.

கிராம் காட்டும் சிறிய தராசு அவசியம். சுண்ணாம்பைக் கரண்டியால் அளந்தால், தூள் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் வேறு அளவு வரும்.

கனமான இரும்புக் கல், தடித்த பிளாஸ்டிக் பை ஒன்று, இரண்டு சுத்தமான பருத்தித் துணிகள், மூடியுள்ள கூடை அல்லது ஹாட் பாக்ஸ் ஆகியவையும் வேண்டும். அரைக்கும் கருவியைப் பற்றிப் பேச நிறைய இருப்பதால் அதைத் தனியாகப் பார்க்கலாம்.

நேரக் கணக்கும் முக்கியம். இரவு ஒரு மணி நேரம், மறுநாள் சுமார் இரண்டு மணி நேரம். இடையில் சோளம் தானாக ஊறும். மதிய விருந்துக்கு டோர்ட்டியா வேண்டுமென்றால் முந்தைய இரவே பானையை ஏற்ற வேண்டும். அன்று காலை நினைத்துக்கொண்டால் கடையில் விற்கும் மாசா ஹரினா என்ற உலர்மாவுதான் வழி. அதற்குப் பத்தாம் பகுதியைப் பாருங்கள்.

2. சரியான சோளம், சரியான சுண்ணாம்பு

வேண்டியது முற்றிக் காய்ந்த, மாவுச்சத்து மிகுந்த மக்காச்சோளம். அவித்துத் தின்னும் ஸ்வீட் கார்ன் உதவாது. அதில் சர்க்கரை அதிகம், மாவுச்சத்து குறைவு. பாப்கார்ன் மணியும் வேண்டாம்; அதன் உள்பகுதி பெரும்பாலும் கண்ணாடிபோல் கடினமானது, அரைத்தாலும் குருணையாகவே நிற்கும். மெக்சிகோவில் டோர்ட்டியாவுக்குப் பெரும்பாலும் வெள்ளை மக்காச்சோளத்தையே எடுக்கிறார்கள். மஞ்சள், நீலம், சிவப்பு மணிகளிலும் செய்வார்கள். நம் தானியக் கடைகளில் கிடைக்கும் மஞ்சள் மக்காச்சோளம் தாராளமாகப் போதும். வேகச் சற்று அதிக நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை. விதைக்கென்று விற்கும் மக்காச்சோளத்தை ஒருபோதும் வாங்காதீர்கள். அதில் பூச்சிமருந்து பூசப்பட்டிருக்கும். இளஞ்சிவப்பு, நீலம் போன்ற செயற்கை நிறமே அதற்கு அடையாளம். கழுவினால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். பூசணம் பிடித்த, கறுத்த, துளையிட்ட மணிகளையும் பொறுக்கி எறியுங்கள்.

சுண்ணாம்பு என்றால் இங்கே நீற்றுச் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. உணவுக்கு ஏற்றது என்று உறையில் அச்சிட்டிருக்கும் தூளை வாங்குவதே நல்லது. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. வெற்றிலைச் சுண்ணாம்பும் வேதியியலில் இதே பொருள்தான்; ஆனால் அது ஈரமாக இருப்பதால் 5 கிராமில் எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு நீர் என்று கணக்கிட முடியாது, சிலவற்றில் வாசனையும் சேர்த்திருப்பார்கள். நீற்றாத சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். அதைக் கையாளத் தெரியாதவர்கள் தொட வேண்டாம். நீற்றுச் சுண்ணாம்பையும் கண்ணில் படாமல், தூசியை மூச்சில் இழுக்காமல் பக்குவமாகக் கையாளுங்கள்.

சமையல் சோடா போட்டால் ஆகாதா என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. சோடா தோலை இளக்கும். ஆனால் அதில் கால்சியம் கிடையாது. மாவுக்குப் பிடிப்புத் தருவதில் கால்சியத்துக்குப் பங்கு உண்டு. தோல் உரிந்ததைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, அழுத்தும்போது மாவு பிளப்பதைப் பார்த்து வருந்த வேண்டியிருக்கும்.

திறந்து வைத்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி வீரியம் இழந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

3. முந்தைய இரவு: வேகவைத்தல்

சோளத்தை நன்றாகக் களைந்து, மிதக்கும் உமியை அகற்றுங்கள். முன்கூட்டியே பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கத் தேவையில்லை. பருப்பை ஊறவைக்கும் பழக்கத்தில் பலர் இதையும் ஊறவைத்துவிடுகிறார்கள். உலர்ந்த மணி முதலில் குடிக்கும் நீர் சுண்ணாம்பு நீராகவே இருக்கட்டும்.

தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டுக் கரண்டியால் கலக்குங்கள். அது முழுவதும் கரையாது, பால்போல் கலங்கி நிற்கும். அடியில் கொஞ்சம் தங்கினாலும் கவலை இல்லை. இப்போது சோளத்தைக் கொட்டிக் கிளறுங்கள். சில நிமிடங்களில் மணிகளின் தோல் பளிச்சென்ற மஞ்சளாக மாறும். வெள்ளைச் சோளமும் மஞ்சளாகும். இந்த நிறமாற்றம்தான் சுண்ணாம்பு உயிரோடு இருப்பதற்கான முதல் சான்று. நிறம் மாறவே இல்லை என்றால் சுண்ணாம்பு பழையது. புதிய சுண்ணாம்போடு மீண்டும் தொடங்குவது நல்லது.

நடுத்தரத் தீயில் மெல்லச் சூடாக்குங்கள். ஓரத்தில் சிறு குமிழிகள் எழும் நிலைக்கு வந்ததும் தீயைக் குறைத்து, அதே நிலையில் வையுங்கள். தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். வேகமாகக் கொதித்தால் மணியின் வெளிப்புறம் குழைந்து மாவு நீரில் கரையும். உள்ளே சுண்ணாம்பு போயிருக்காது. பிரஷர் குக்கரில் இரண்டு விசில் விடலாமா என்ற கேள்விக்கும் இதுவே பதில். சோளத்தைச் சமைப்பது நம் நோக்கம் அல்ல, அரைக்க ஏற்றபடி பக்குவப்படுத்துவதுதான்.

எவ்வளவு நேரம்? புதிய அறுவடை 20 முதல் 25 நிமிடங்களில் ஆகிவிடும். கடினமான பழைய மணி 50 நிமிடம் வரை கேட்கும். கடிகாரத்தை நம்பாமல், குமிழி வந்து 20 நிமிடம் ஆனதும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மணியை எடுத்து இரண்டு சோதனை செய்யுங்கள்.

தண்ணீரில் அலசி, இரு விரலால் தேய்த்தால் தோல் வழுவழுவென்று நழுவி வர வேண்டும்.

அடுத்து மணியைக் கத்தியால் குறுக்கே நறுக்குங்கள். ஓரம் வெந்து சற்றே ஒளி ஊடுருவும் நிறத்திலும், நடுவில் வெள்ளையான உலர்ந்த மாவு கொஞ்சமும் தெரிய வேண்டும். கடித்தால் 'நறுக்' என்ற எதிர்ப்பு இருக்கும்.

இரண்டும் சரியாக இருந்தால் உடனே அடுப்பை அணையுங்கள். நடுவிலும் வெந்துபோகும் வரை வைத்திருந்தால், ஊறி முடிப்பதற்குள் மணி குழைந்து மறுநாள் மாவு பசையாகிவிடும். என் கணக்கில் புதியவர்களின் முதல் தோல்வி இங்கேதான் நிகழ்கிறது. மென்மையாக வெந்தால்தான் அரைக்க எளிது என்று தோன்றும். அது நியாயமான தவறுதான்.

4. ஊறவிடுதல்

பானையை மூடி, அடுப்பிலேயே 8 முதல் 12 மணி நேரம் விட்டுவிடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். மெல்ல ஆறும் அந்தச் சூட்டில்தான் சுண்ணாம்பும் நீரும் மணியின் நடுப்பகுதி வரை செல்கின்றன. தோலின் நார்ப்பொருள் கரைந்து பசையாவதும், மாவுச்சத்து நீரை ஏற்று உப்புவதும் இந்த நேரத்தில்தான். மக்காச்சோளத்தில் உடலுக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் விடுபடுவதும் இந்தச் சுண்ணாம்புப் பக்குவத்தால்தான். இப்படிப் பக்குவமான சோளத்துக்கு மெக்சிகோவில் நிக்ஸ்டமால் என்று பெயர்.

அவசரப்பட்டு மூன்று மணி நேரத்தில் எடுத்தால் நடுப்பகுதி உலர்ந்தே இருக்கும். அரைக்கும்போது மணல்போன்ற துகள்கள் தங்கும். கோடையில் 16 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

5. கழுவுதல்: அதிகம் வேண்டாம்

காலையில் பானையைத் திறந்தால் நீர் மஞ்சளாகவும் வழவழப்பாகவும் இருக்கும். நெஹயோத்தே என்று அழைக்கப்படும் இந்த நீரைக் கொட்டிவிடுங்கள். காரத்தன்மை மிகுந்தது என்பதால் செடிகளுக்கு அப்படியே ஊற்ற வேண்டாம்.

புதுத் தண்ணீர் விட்டு, மணிகளை இரு உள்ளங்கைக்கும் நடுவே தேய்த்து அலசுங்கள். இரண்டு அல்லது மூன்று தண்ணீர் போதும். வழவழப்பு பெருமளவு நீங்கி, நீர் ஓரளவு தெளிந்தால் நிறுத்திவிடலாம்.

ஒவ்வொரு மணியாக எடுத்துத் தோலை முழுவதும் உரித்து, நுனியிலுள்ள கறுப்பையும் கிள்ளி, வெள்ளை வெளேரென்று ஆக்குபவர்கள் உண்டு. மணிகளை முழுதாகப் போட்டு வைக்கும் போசோலே என்ற சூப்புக்கு அந்த வேலை தேவை. டோர்ட்டியாவுக்கு அது கெடுதல். கொஞ்சம் தங்கும் தோல் பசைதான் மாவைப் பிணைக்கிறது. அதே நேரம், கழுவாமலே அரைத்தால் கசப்பும் சோப்புச் சுவையும் வரும். மூக்கருகே வைத்துப் பாருங்கள்: சுண்ணாம்பு வாடை முன்னே நிற்காமல், சோள மணம் முன்னே வந்தால் போதும்.

கழுவியதை வடிதட்டில் பத்து நிமிடம் வையுங்கள். இந்த நிலையில் எடை ஏறக்குறைய 800 கிராம் இருக்கும். வடிக்காமல் அரைத்தால் மாவில் எவ்வளவு நீர் சேர்ந்தது என்பது நம் கையில் இல்லாமல் போகும்.

6. அரைத்தல்: உண்மையான சிக்கல் இங்கேதான்

மெக்சிகோவில் மூன்று கால்களில் சரிந்து நிற்கும் மெத்தாத்தே என்ற எரிமலைக் கல்லில் உருளைக்கல்லால் அரைப்பது பழைய முறை. இன்று வீட்டில் செய்பவர்களில் பலர் நிக்ஸ்டமாலைத் தெருமுனை அரவை நிலையத்துக்குக் கொண்டுபோய், வட்டக் கற்களிடையே அரைத்து வருகிறார்கள். அந்த வசதி இல்லாத வீட்டில் என்ன செய்வது? எந்தக் கருவியானாலும் இலக்கு ஒன்றுதான்: மிகக் குறைந்த நீரில், விரலுக்கு நெருடாத அளவு நைசாக அரைக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அதனால்தான் இது சிக்கல்.

அம்மி. வீட்டில் அம்மி இருந்தால் முதலில் அதையே சொல்வேன். மெத்தாத்தே செய்யும் வேலையை, நசுக்கி இழுக்கும் அதே அசைவில் அதுவும் செய்கிறது. நீரும் அதிகம் கேட்காது. ஒரு கைப்பிடி மணியை வைத்து முதலில் நொறுக்குங்கள். பிறகு லேசாக நீர் தெளித்து இரண்டாம் முறை, தேவையானால் மூன்றாம் முறை இழுங்கள். அரைக் கிலோவுக்கு முதுகு வலிக்கும் என்பதையும் மறைக்கவில்லை. மிளகாய் அரைக்கும் அம்மியானால் முந்தைய நாளே நன்கு கழுவி, கொஞ்சம் அரிசியை அரைத்து எறிந்துவிடுங்கள்.

மேசையில் திருகிப் பொருத்தும் கைச்சுழற்சி அரவை இயந்திரம். இரண்டு முறை ஓட்ட வேண்டும்: முதலில் சற்றுத் தளர்வாக, பிறகு தட்டுகளை இறுக்கி. இதில் மெத்தாத்தே அளவு நைசு வராது. ஆனால் டோர்ட்டியா வரும்.

வெட் கிரைண்டர். இட்லி மாவு அரைப்பதால் இதுவும் எளிது என்று தோன்றும். இட்லி மாவு நீர்த்தது. தானாகச் சுழன்று கல்லுக்கு அடியில் வரும். இந்த மாவு கட்டியாக இருப்பதால் ஓரத்தில் ஏறி ஒட்டிக்கொள்ளும், கல் வெறுமே சுழலும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நீர் தெளித்து, அடிக்கடி இயந்திரத்தை நிறுத்தி ஓரத்தை வழித்துவிட வேண்டும். அப்படியும் தேவைக்கு மேல் நீர் சேர்ந்துவிடும். அந்த நீரை ஈடுகட்டக் கைவசம் கொஞ்சம் மாசா ஹரினா வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மாவைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடியுங்கள். நைசு விஷயத்தில் மட்டும் வெட் கிரைண்டரைக் குறை சொல்ல முடியாது.

மிக்சி. கடைசி வழி. ஒரு கைப்பிடிக்கு மேல் போடாமல், விட்டுவிட்டு ஓட்டி, இடையிடையே கிளறி அரைக்கலாம். பிளேடு வெட்டுமே தவிர நசுக்காது. மாவு குருணையாகவே இருக்கும், டோர்ட்டியா சரியாக உப்பாது. தொடர்ந்து ஓட்டினால் மோட்டாரும் மாவும் சேர்ந்து சூடாகும். மிக்சியில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு அம்மியில் ஒருமுறை இழுப்பது நல்ல சமரசம்.

எந்த வழியானாலும், அரைத்து முடிப்பதற்குள் மொத்தமாகச் சேரும் நீர் 100 முதல் 150 மில்லி இருக்கலாம். அதற்கு மேல் போகிறது என்றால் நிறுத்தி, மாவைத் தொட்டுப் பாருங்கள்.

7. பிசைந்து பதம் பார்த்தல்

அரைத்து வந்த மாவுக்கு மாசா என்று பெயர். அதை ஐந்து நிமிடம் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்திப் பிசையுங்கள். கோதுமைபோல் இழுத்துப் பிசைவதில் பொருள் இல்லை, மாவுக்கு இழுவை தரும் குளுட்டன் என்ற புரதம் இதில் கிடையாது. நீர் எல்லா இடத்திலும் சமமாகப் பரவ வேண்டும் என்பதே நோக்கம். பிறகு ஈரத்துணியால் மூடி 20 நிமிடம் விடுங்கள். துகள்கள் நீரை முழுதும் குடித்த பிறகுதான் உண்மையான பதம் தெரியும். பிசைந்த உடனே ஒட்டுகிறது என்று உலர்மாவைத் தூவி, பிறகு பிளக்கிறது என்று நீரைத் தெளித்து ஓடுபவர்கள் இந்த இருபது நிமிடத்தைத் தவறவிட்டவர்கள்.

கொழுக்கட்டைக்குப் பிடிக்கும் மேல்மாவைவிடச் சற்று மென்மையாக இருக்க வேண்டும் மாசா. சோதனை இது: எலுமிச்சை அளவு உருட்டி, உள்ளங்கையில் வைத்து விரலால் தட்டையாக்குங்கள். ஓரம் பிளந்தால் நீர் போதவில்லை. கையை நனைத்து மறுபடி பிசையுங்கள், கரண்டி கரண்டியாக ஊற்றாதீர்கள். கையோடு ஒட்டிப் பிரிந்து வராவிட்டால் நீர் அதிகம். மாசா ஹரினா தூவிப் பிசையுங்கள், அல்லது மூடாமல் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள்.

எல்லா மாவையும் உருண்டை பிடிப்பதற்கு முன் ஒன்றை மட்டும் அழுத்திச் சுட்டுப் பார்த்துவிடுங்கள். முப்பது உருண்டையைப் பிடித்து வைத்த பிறகு பதத்தைத் திருத்துவது வீண் வேலை.

8. அழுத்துதல்

30 கிராம் உருண்டைகளாக எடைபோட்டுப் பிடியுங்கள். பிடித்தவை ஈரத்துணிக்கு அடியில்தான் இருக்க வேண்டும்; மேற்புறம் உலர்ந்த உருண்டையின் ஓரம் நிச்சயம் பிளக்கும்.

தடித்த பிளாஸ்டிக் பையின் இரு பக்கத்தையும் வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். மெழுகுத் தாள் வேண்டாம், மாவு அதில் ஒட்டும். மெல்லிய கேரி பையும் சுருங்கி மடிப்புத் தழும்பை விட்டுவிடும்.

அழுத்தும் கருவி இருந்தால், கீழ்த்தாள், உருண்டை, மேல்தாள் என வைத்து, முதலில் மென்மையாக அழுத்துங்கள். திறந்து, தாளோடு அரை வட்டம் திருப்பி மறுபடி அழுத்துங்கள். கருவி ஒரு பக்கம் கீலில் இணைந்திருப்பதால் ஒரே அழுத்தில் தடிமன் சமமாக வராது, திருப்புவது அதற்குத்தான். தடிமன் 2 மில்லிமீட்டர், அகலம் 13 முதல் 15 சென்டிமீட்டர். இதைவிட மெல்லியதாக ஆக்கினால் நீராவி தங்க இடமிருக்காது, தாளிலிருந்து உரிக்கவும் முடியாது.

கருவி இல்லையா? அடி தட்டையான கனத்த கண்ணாடிப் பாத்திரத்தால் நேர் கீழாக அழுத்துங்கள். அதைவிட நல்ல வழி மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியில் உள்ளது. அங்கே வாழையிலைத் துண்டின் மீதோ பிளாஸ்டிக் தாளின் மீதோ மாவை வைத்து, ஒரு கை விரல்களால் தட்டிக்கொண்டே மறு கையால் ஓரத்தை அணைத்து, இலையைச் சுழற்றிச் சுழற்றி வட்டமாக்குகிறார்கள். இலையில் போளி, தட்டை தட்டிப் பழகியவர்களுக்கு இது உடனே கைவரும். கருவி வாங்கச் செலவழிக்கும் முன் இதை முயன்று பாருங்கள்.

மேல்தாளை முதலில் உரியுங்கள். பிறகு டோர்ட்டியாவை உள்ளங்கையில் கவிழ்த்து, கீழ்த்தாளை மெதுவாக உரியுங்கள். தாளிலிருந்து டோர்ட்டியாவைப் பிய்க்காதீர்கள். டோர்ட்டியாவிலிருந்துதான் தாளை உரிக்க வேண்டும்.

9. சுடுதல்: மூன்று கட்டங்கள்

மெக்சிகோவில் சுடும் கல்லுக்குக் கொமால் என்று பெயர். மண்ணிலும் இரும்பிலும் உண்டு. நம் இரும்புத் தோசைக்கல் சரியான மாற்று. அதில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பசையைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். இங்கே எண்ணெய்க்கு வேலை இல்லை. நான்ஸ்டிக் கல்லை வெறுமனே இந்தச் சூட்டுக்குக் காயவைப்பது பாதுகாப்பானது அல்ல.

கல்லை நடுத்தரத்துக்கு மேலான தீயில் பத்து நிமிடமாவது காயவையுங்கள். நீர்த்துளி தெளித்தால் உருண்டு ஓடி உடனே மறைய வேண்டும். முடிந்தால் பக்கத்து அடுப்பில் இன்னொரு கல்லை அதிகச் சூட்டில் வைத்து, இரண்டாம் பக்கத்தை அதில் சுடுங்கள்.

போடும் விதம்: டோர்ட்டியாவின் பாதி விரல்களுக்கு வெளியே தொங்கட்டும். தொங்கும் ஓரத்தைக் கல்லில் தொட்டதும், கையைப் பின்னோக்கி நகர்த்தி மீதியைப் படிய விடுங்கள். மேலிருந்து பொத்தென்று போட்டால் மடிப்பும் அடியில் காற்றுப் பையும் உண்டாகும்.

முதல் பக்கம்: 20 முதல் 30 வினாடி. ஓரம் நிறம் மாறி, கல்லிலிருந்து தானாக விடுபட்டதும் திருப்புங்கள். புள்ளி விழும் வரை காத்திருக்காதீர்கள். அடியில் ஒரு மெல்லிய தோல் கட்டினால் போதும்.

இரண்டாம் பக்கம்: 45 முதல் 60 வினாடி. இங்கேதான் உண்மையில் வேகிறது. அடியில் பழுப்புப் புள்ளிகள் விழட்டும்.

மூன்றாவதாக, மறுபடி முதல் பக்கம்: 15 முதல் 30 வினாடி. உப்ப வேண்டியது இப்போதுதான். மடித்த துணியால் நடுவில் லேசாக ஒற்றினால் நீராவி ஓரங்களுக்கு ஓடும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. இரண்டு பக்கமும் தோல் கட்டி மூடியிருக்கும்போது உள்ளே ஈரம் மிச்சமிருந்தால்தான் அது நீராவியாகி இரு தோலையும் பிரிக்கும். முதல் பக்கத்தை நீண்ட நேரம் விட்டால் அந்த ஈரம் மேல்வழியே ஆவியாகிவிடும், பிறகு உப்ப எதுவும் மிஞ்சாது. கல்லில் சூடு போதாவிட்டாலும் அதே கதி. தோல் கட்டுவதற்குள் மாவு உலர்ந்துபோகும். மாவு குருணையாக இருந்தால் துகள் இடுக்குகளில் நீராவி கசிந்துவிடும்.

எல்லாம் உப்பவில்லை என்று மனம் தளர வேண்டாம். பத்தில் ஆறு ஏழு உப்பினாலே மாவு நன்றாக இருக்கிறது என்று பொருள். உப்பாதவையும் நன்றாகவே இருக்கும், கொஞ்சம் கெட்டியாக.

10. துணியில் பொதிதல், நேரமில்லாதவர்களுக்கு மாசா ஹரினா

கல்லிலிருந்து எடுத்த டோர்ட்டியா ஓரத்தில் விறைப்பாக இருக்கும். அதை அப்படியே தட்டில் பரிமாறி, மடித்ததும் உடைகிறதே என்பவர்கள் இந்தப் படியைத் தாண்டியவர்கள். துணி விரித்த கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, துணியால் பொதிந்து மூடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நடுவிலுள்ள ஈரம் ஓரங்களுக்கும் பரவி எல்லாம் துவளும். ஹாட் பாக்ஸானால் அடியிலும் மேலும் துணி கட்டாயம். இல்லையென்றால் மூடியில் கோத்த நீர் சொட்டி மேலே இருப்பது கூழாகும்.

மாசா ஹரினா என்பது நிக்ஸ்டமால் மாவை உலர்த்திப் பொடித்தது. மாசெகா போன்ற பெயர்களில் பெரிய கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும். 200 கிராமுக்கு 260 முதல் 300 மில்லி வெந்நீர் விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு, எட்டாம் பகுதியிலிருந்து தொடரலாம். மணம் குறைவுதான், ஆனால் அழுத்தவும் சுடவும் பழக இதுவே நல்ல வழி. முதலில் இதில் நான்கைந்து முறை கை பழகிவிட்டு, பிறகு பானையை ஏற்றினால் ஒரே நாளில் எல்லாவற்றோடும் போராட வேண்டியிருக்காது.

வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள். கேக், சூப்புக்குப் போடும் வெள்ளைக் கார்ன்ஃப்ளவர் வெறும் மாவுச்சத்து. அதில் டோர்ட்டியா வராது. மக்காச்சோளத்தை அப்படியே அரைத்த மஞ்சள் மாவும் வேறு. வெந்நீரில் பிசைந்து பஞ்சாபியர் போல மக்கி ரொட்டி தட்டலாம், அது நல்ல உணவும்கூட. ஆனால் சுண்ணாம்பைப் பார்க்காத மாவு மெல்லியதாக அழுத்தியதும் பிளக்கும். அந்த மாவில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யலாம் என்று முயல வேண்டாம். இரவெல்லாம் மணிக்குள் நடந்த வேலை மாவில் நடக்காது, கழுவி நீக்கவும் முடியாது.

11. தவறினால் எங்கே தேடுவது

ஓரம் பிளந்தால் நீர்க்குறைவு, அல்லது உருண்டை காற்றில் உலர்ந்தது. ஏழாம், எட்டாம் பகுதிகளைப் பாருங்கள்.

தாளில் ஒட்டிக் கிழிந்தால் நீர் அதிகம். நீரைக் குறைத்தும் ஒட்டுகிறது, மாவு பசைபோல் இழுக்கிறது என்றால் சோளம் அளவுக்கு மீறி வெந்துவிட்டது. அந்தத் தொகுதியைத் தடித்த அடைகளாகத் தட்டிச் சுட்டுவிடுங்கள். அடுத்த முறை அடுப்பைப் பத்து நிமிடம் முன்னதாக அணையுங்கள்.

கசப்பும் சோப்புச் சுவையும் இருந்தால் சுண்ணாம்பு அதிகம் அல்லது கழுவியது குறைவு. நீலச் சோளத்தில் செய்தபோது மாவு பச்சை சாய்ந்தால் அதுவும் சுண்ணாம்பு அதிகமானதற்கான அடையாளமே.

பிடிப்பே இல்லாமல் உதிர்ந்தால் சுண்ணாம்பு வீரியம் இழந்தது, ஊறியது போதவில்லை, அல்லது மாவே வேறு.

வெளியே கருகி உள்ளே பச்சை வாடை வந்தால் தடிமன் அதிகம். சூட்டைக் குறைக்காதீர்கள், இன்னும் மெல்லியதாக அழுத்துங்கள்.

ஆறியதும் அப்பளம்போல் விறைத்தால் அதிக நேரம் சுட்டிருக்கிறீர்கள், அல்லது துணியில் பொதியவில்லை.

12. மிஞ்சியதை வைத்தல்

கழுவிய நிக்ஸ்டமாலை அரைக்காமல் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். அரைத்த மாசா சீக்கிரம் புளிக்கும். நம் வெயிலில் காலையில் அரைத்ததை மாலைக்குள் சுட்டுவிட வேண்டும். குளிரில் வைத்தால் மறுநாள் கொஞ்சம் நீர் தெளித்து, மறுபடி பிசைந்து பயன்படுத்தலாம். ஆனால் பதம் சற்று இறங்கியிருக்கும். ஆகவே மிஞ்சும் என்று தெரிந்தால் மாவாக வைக்காமல் எல்லாவற்றையும் சுட்டு, டோர்ட்டியாவாகவே பையில் போட்டு வையுங்கள்.

மறுநாள் அவை விறைத்திருக்கும். கையை நனைத்து இரு பக்கமும் தடவி, நன்கு காய்ந்த கல்லில் பக்கத்துக்கு அரை நிமிடம் போட்டு, மறுபடி துணியில் பொதியுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓரிரு நிமிடத்தில் ரப்பராகும். இரண்டு நாள் ஆனவற்றை முக்கோணமாக வெட்டி எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்தெடுங்கள். தக்காளி, மிளகாய் சல்சாவைக் கொதிக்கவைத்து, அதில் பொரித்த துண்டுகளைப் போட்டுப் புரட்டி உடனே பரிமாறினால் மெக்சிகோவின் காலை உணவான சிலாக்கிலெஸ். அதற்குப் பழைய டோர்ட்டியாதான் வேண்டும். புதியதைப் பொரித்தால் எண்ணெயைக் குடித்துவிடும்.